ஓட்டுக்குள் ஓர் உயிர்

கல்லைப் போல அசைவற்றுக் கிடக்கும் முட்டை ஒன்று, ஏறத்தாழ முப்பது நாளில் கண்ணும் காலும் குரலும் உடைய குஞ்சாகி வெளிவருகின்றது. அதற்கு வெளியிலிருந்து எவரும் உணவு ஊட்டுவதில்லை. உள்ளே இருக்கும் வெண்கருவும் மஞ்சட்கருவுமே அதன் உணவு. ஓடே அதன் வீடு. வெளியிலிருந்து அது வேண்டுவன வெப்பமும், தூய காற்றும், அளவான ஈரமுமே. இவற்றைத் தாய்ப்பறவை தன் உடலால் தருகின்றது. தாய் தர இயலாதபோது மனிதன் தன் அறிவால் தர முயல்கின்றான். அம்முயற்சி எப்போது கைகூடுகின்றது, எப்போது பிழைபடுகின்றது என்பதைப் பெருவாத்தின் முட்டை நன்கு விளக்கும்.

பெருவாத்து

வாத்து என்னும் தமிழ்ச்சொல் அவ்வினத்துப் பறவைகள் பலவற்றிற்கும் பொதுவானது. நெல் அறுத்த வயல்களில் கூட்டம் கூட்டமாக மேய்க்கப்படுவது சிறிய வாத்து. அதனினும் உடல் பருத்து, கழுத்து நீண்டு, பெரும்பாலும் புல்லையே மேய்ந்து வாழ்வது பெருவாத்து. இவ்வினத்தைச் சேர்ந்த காட்டுப் பறவை ஒன்றைத் தமிழகத்தார் நன்கு அறிவர். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்குக் குளிர்காலத்தில் வந்து தங்கும் வரித்தலை வாத்தே அது. தலையின் பின்புறத்தில் இரண்டு கரிய பட்டைகளை உடைய அப்பறவை, இமயமலையைக் கடந்து வந்து இங்குத் தங்கி, கோடை தோன்றுமுன் வடக்கே திரும்பிவிடும். அது கூடு கட்டி முட்டையிடுவது திபெத்து, மங்கோலியா, இலடாக்கு முதலிய குளிர்ந்த நிலங்களிலேயே. ஆதலின், கூந்தன்குளத்தார் அப்பறவையைக் காண்பர். அதன் முட்டையையோ குஞ்சையோ காணார்.

வீடுகளில் வளர்க்கப்படும் பெருவாத்துகள் இரண்டு காட்டினங்களின் வழியில் வந்தவை. ஐரோப்பிய வகைகள் சாம்பல் நிறக் காட்டுப் பெருவாத்திலிருந்தும், அலகின் அடியில் குமிழ் போன்ற புடைப்பினை உடைய சீன வகை, கிழக்காசியாவில் வாழும் நீள்கழுத்துக் காட்டுப் பெருவாத்திலிருந்தும் தோன்றின. பிரான்சு நாட்டுத் தூலூசு நகரின் பெயரால் ஒரு வகையும், செருமனி நாட்டு எம்டன் நகரின் பெயரால் மற்றொரு வகையும் வழங்குகின்றன. 1914ஆம் ஆண்டில் சென்னையின்மீது குண்டு வீசிய எம்டன் கப்பலும் அந்நகரின் பெயரையே தாங்கியிருந்தது.

மனிதனுக்கும் பெருவாத்துக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. எகிப்து நாட்டு மெய்தூம் என்னும் இடத்துக் கல்லறை ஒன்றில் தீட்டப்பட்ட ஓவியத்தில் ஆறு பெருவாத்துகள் நடைபயில்கின்றன. ஏறத்தாழ 4600 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வோவியத்தில் ஒவ்வோர் இறகும் வேறுபடுத்திக் காட்டப்பட்டுள்ளது. நாள்தோறும் அப்பறவைகளை உற்றுநோக்கிய கண்ணுக்கன்றி அத்தகைய ஓவியம் கைவராது.

இளங்கூட்டத்தின் முதல் முட்டைகள்

ஐரோப்பிய நாடுகளின் சிற்றூர்களில், வீட்டின் பின்புறத்துப் புல்வெளியில் சில பெருவாத்துகளை வளர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சேவல் ஒன்றும் பேடுகள் மூன்றும் கொண்ட ஒரு சிறு கூட்டத்தை எடுத்துக்கொள்க. அவை சென்ற ஆண்டின் இளவேனிலில் பொரித்தவை. குளிர்காலம் கழிந்து, பகற்பொழுது நீளத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் அவற்றின் நடத்தை மாறுகின்றது. சேவல் கழுத்தை நீட்டிச் சீறி, வருவோரை விரட்டுகின்றது. பேடுகள் வைக்கோலைக் கிளறி மறைவான இடம் தேடுகின்றன. ஒரு நாட்காலையில் வெண்ணிறமான பெரிய முட்டை ஒன்று வைக்கோலில் கிடக்கக் கண்டு வீட்டார் மகிழ்கின்றனர். அன்று முதல் ஒவ்வொரு பேடும் ஏறத்தாழ ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடுகின்றது.

இம்மகிழ்ச்சியில் பலர் முதல் முட்டையிலிருந்தே கணக்கிடத் தொடங்குவர். இத்தனை முட்டை, ஆதலின் இத்தனை குஞ்சு என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்கு பெரும்பாலும் பொய்த்துப்போகும். ஓராண்டே நிரம்பிய பேடு இடும் முட்டைகள் அளவில் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை. அவற்றுள் கருவுறாதனவும் பல இருக்கும். காட்டில் வாழும் சாம்பல் பெருவாத்து பெரும்பாலும் மூன்றாம் ஆண்டளவிலேயே முதன்முதலாகக் கூடு கட்டுகின்றது என்பதை நினைவிற் கொண்டால், இதில் வியப்பில்லை. வீட்டுப் பறவை நல்ல உணவும் காவலும் பெறுவதால் ஓராண்டிலேயே முட்டையிட்டுவிடுகின்றது. எனினும், அதன் முழு வளமும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலேயே புலப்படும்.

முட்டை கருவுறாமைக்கு வேறு காரணங்களும் உண்டு. பெருவாத்து, துணையைத் தேர்ந்து உறவு கொள்ளும் இயல்பினது. புதிதாகச் சேர்க்கப்பட்ட சேவலும் பேடும் உடனே இணைந்துவிடா. ஆதலின், இனப்பெருக்கக் காலத்திற்குப் பல வாரங்கள் முன்னரே கூட்டத்தை ஒன்றாக வாழவிடுதல் வேண்டும். ஒரு சேவலுக்கு மூன்று முதல் ஐந்து பேடுகள் வரை போதும். பருத்த வகைகளாயின் இன்னும் குறைவாக இருத்தல் நன்று. உடல் பருத்த பறவைகளுக்கு நீந்தத்தக்க ஆழமுள்ள நீர்நிலை இருந்தால், அவை எளிதாக இணையும். கொழுப்பு மிகுந்த பறவையும், போதிய சத்துப்பெறாத பறவையும் நல்ல முட்டை தருவதில்லை.

முட்டை கருவுற்றதா இல்லையா என்பதை ஓட்டின் புறத்தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. ஆயினும், கூட்டத்தின் நிலையை அறிய எளிய வழி ஒன்று உண்டு. சமையலுக்கு எடுக்கும் முட்டையை ஒரு தட்டில் உடைத்து, மஞ்சட்கருவின் மேற்புறத்தை உற்றுநோக்குதல் வேண்டும். அங்கே வெண்ணிறப் புள்ளி ஒன்று தோன்றும். அப்புள்ளி சிறிதாக, ஒழுங்கற்ற விளிம்புடன் அடர்ந்து காணப்பட்டால், முட்டை கருவுறாதது. அது சற்று விரிந்து, வட்டத்துள் வட்டம் போலத் தோன்றினால், கருவுற்றது. அவ்வட்டமே ஓர் உயிரின் முதல் எழுத்து. சில முட்டைகளை இவ்வாறு ஆராய்ந்து, வட்டங்கள் தோன்றத் தொடங்கிய பின்னரே அடைவைக்க முட்டை சேர்த்தல் அறிவுடைமையாகும்.

முட்டையைச் சேர்த்தல்

இட்ட முட்டையை நாள்தோறும் எடுத்துவிடுதல் நன்று. பனியில் உறைந்த முட்டையும், சேற்றில் புரண்ட முட்டையும் அடைக்கு ஏற்றவை அல்ல. மிகச் சிறியன, மிகப் பெரியன, கோணியன, கீறல் விழுந்தன ஆகியவற்றையும் நீக்குதல் வேண்டும். எஞ்சியவற்றைப் பென்சிலால் தேதி குறித்து, 12 முதல் 15 பாகை செல்சியஸ் வரை குளிர்ச்சியுள்ள இடத்தில் வைப்பர். நாள்தோறும் ஒருமுறை அவற்றைப் புரட்டுதல் வேண்டும். ஒரு வாரத்திற்கு மேல் வைத்திருந்தால் முட்டையின் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் குறையும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. அழுக்கான முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவுதல் தீங்கு பயக்கும். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் பல ஆயிரம் உண்டு. அத்துளைகளின் வழியாகவே உள்ளிருக்கும் உயிர் மூச்சுவிடுகின்றது. குளிர்நீர் பட்டவுடன் உள்ளிருக்கும் பொருள் சுருங்கும். அச்சுருக்கம் வெளியில் ஒட்டியிருக்கும் நோய்க்கிருமிகளைத் துளைகளின் வழியே உள்ளிழுத்துவிடும். தூய்மை செய்ய எண்ணிச் செய்த செயலே நஞ்சூட்டியதாக முடியும். உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தலே போதும். கூட்டில் புதிய வைக்கோல் இடுவோர்க்கு அத்தொல்லையும் இல்லை.

தாய் செய்யும் தொழில்

அடைகாத்தலில் முதல் ஆசிரியர் தாய்ப்பறவையே. பேடு முதல் முட்டையிட்டவுடன் அடையில் அமர்வதில்லை. தனக்கு வேண்டிய முட்டைகள் அனைத்தும் சேரும்வரை காத்திருந்து, அதன் பின்னரே அமர்கின்றது. முன்னர் இட்டதும் பின்னர் இட்டதும் ஒரே நாளில் வளரத் தொடங்குவதால், குஞ்சுகள் யாவும் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்கின்றன. தன் மார்பிலுள்ள மென்தூவியைத் தானே பறித்துக் கூட்டில் மெத்தையாக இடுகின்றது. அதனால் கூடும் வெதுவெதுப்படைகின்றது. தூவி நீங்கிய தோலும் முட்டைகளை நேரே தொட்டு வெப்பம் ஊட்டுகின்றது.

பேடு அலகினாலும் காலினாலும் முட்டைகளை அடிக்கடி புரட்டுகின்றது. நடுவில் இருந்தது ஓரத்திற்கும், ஓரத்தில் இருந்தது நடுவிற்கும் மாறுகின்றன. நாளில் சிறிது பொழுது எழுந்து சென்று, புல் மேய்ந்து, நீரில் மூழ்கி, ஈரம் பட்ட இறகுகளுடன் திரும்புகின்றது. போகுமுன் தூவியால் முட்டைகளை மூடிச் செல்கின்றது. அவ்வேளையில் முட்டைகள் சற்றே குளிர்ந்து காற்று வாங்குகின்றன. திரும்பி வந்த தாயின் இறகிலிருந்து ஈரமும் பெறுகின்றன. சேவல் அருகில் நின்று காவல் புரிகின்றது. அடைக்காலத்தில் நாயும் அதனை நெருங்க அஞ்சும்.

இளம்பேடு சில வேளைகளில் அடையில் நிலைத்து அமர்வதில்லை. சில நாள் அமர்ந்து, பின்னர்க் கூட்டை விட்டுவிடும். அத்தகைய முட்டைகளுக்கு அடைக்கோழியே செவிலித்தாய். பெருவாத்து முட்டை 120 முதல் 180 கிராம் வரை எடையுள்ளது; கோழி முட்டையைப் போல ஏறத்தாழ மும்மடங்கு. ஆகவே, ஒரு கோழியின்கீழ் நான்கைந்து முட்டைகளே அடங்கும். அவற்றைப் புரட்டுவது கோழிக்கு அரிது. வளர்ப்போர் நாள்தோறும் தம் கையால் புரட்டி உதவுதல் வேண்டும். கோழி முட்டை பொரிக்க 21 நாள். பெருவாத்து முட்டைக்கோ, வகைக்கு ஏற்ப, 28 முதல் 34 நாள். தன் இனத்தின் காலக்கணக்கு கடந்த பின்னும் பொறுமையோடு அமரும் கோழியே இத்தொழிலுக்கு உதவும்.

அடைகாக்கும் பொறி

தாயின்றி முட்டையைப் பொரிக்கச் செய்யும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. எகிப்தியர் எருக்குவியலின் வெப்பத்தில் முட்டைகளைப் பொரிக்கச் செய்ததை, 2300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரித்தாட்டில் குறித்துள்ளார். பிற்காலத்து எகிப்தியர், மண் செங்கல்லால் பெரிய அடைகாப்பு அடுப்புகளைக் கட்டினர். நடுவே நடைவழியும், இருபுறமும் மேலும் கீழுமாக அறைகளும் இருந்தன. மேலறையில் எருவும் வைக்கோலும் புகைந்து எரியும்; கீழறையில் முட்டைகள் கிடக்கும். அங்கு வெப்பமானி இல்லை. தொழிலாளி ஒரு முட்டையை எடுத்துத் தன் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே வெப்பத்தை அறிந்தான். அவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் இரெயோமூர் இக்கலையை ஆராய்ந்தார். வெப்பமானி ஒன்றினை அமைத்துப் புகழ் பெற்றவர் அவர். கண்ணிமை செய்த வேலையை வெப்பமானி செய்யலாம் எனக் கண்டு, எருவின் வெப்பத்தையும் அடுப்பின் வெப்பத்தையும் கொண்டு முட்டைகளைப் பொரிக்கச் செய்யும் முறைகளை விளக்கி, 1749ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். இன்று மின்சாரத்தால் இயங்கும் அடைகாக்கும் பொறி அவ்வழியில் வந்ததேயாகும்.

பொறி செய்வது என்ன? தாய் செய்யும் ஒவ்வொரு செயலையும் அது பின்பற்றுகின்றது. விசிறி பொருத்திய பொறியில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸில் நிலைத்திருத்தல் வேண்டும். இது தாயின் உடல் முட்டைக்குத் தரும் வெப்பம். சில மணி நேரம் வெப்பம் சற்றுத் தாழ்ந்தால் கரு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சிறிது நேரம் மிகையாக ஏறினாலோ மடிந்துவிடும். ஆதலின், முட்டை வைப்பதற்கு ஒரு நாள் முன்னரே பொறியை இயக்கி, வெப்பம் நிலைபெற்றதா எனக் காண்பர்.

முட்டைகளை நாளொன்றுக்கு மூன்று முறைக்குக் குறையாமல் புரட்டுதல் வேண்டும். பல முறை புரட்டினால் இன்னும் நன்று. புரட்டாவிடின், மேலே மிதக்கும் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பெருவாத்து முட்டையைப் படுக்கை வாட்டில் வைத்து, முழுதும் மறுபுறம் திருப்புதல் சிறந்தது. ஒரு புறம் பெருக்கற் குறியும் மறுபுறம் வட்டமும் இட்டுவைத்தால், எது புரண்டது, எது புரளவில்லை என்பது ஐயமின்றித் தெரியும்.

ஒரு வாரம் கழிந்த பின், நாள்தோறும் 10 முதல் 15 நிமிடம் வரை முட்டைகளை வெளியே குளிரவிட்டு, வெதுவெதுப்பான நீரைச் சிறிதளவு தெளிப்பர். இது பேடு மேயச் சென்று திரும்புவதைப் போன்றது. மேலும், கரு வளர வளரத் தானே வெப்பத்தை உண்டாக்கும். பெரிய முட்டையில் அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. குளிரவிடுதல் அம்மிகை வெப்பத்தைத் தணிக்கும்.

ஒளியில் காணும் உண்மை

எட்டாம் நாள் அல்லது பத்தாம் நாள் இருட்டறையில் முட்டையின் பருத்த முனையில் விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்ப்பர். இளங்கூட்டத்தின் உண்மை நிலை அப்போதுதான் வெளிப்படும். உயிருள்ள முட்டையில், நடுவே கரிய புள்ளியும், அதிலிருந்து சிலந்தியின் கால்களைப் போல எத்திசையும் பரவிய செந்நிற நரம்புகளும் தோன்றும். உற்றுநோக்கினால் அப்புள்ளி அசைவதையும் காணலாம். கருவுறாத முட்டையோ, வைத்த நாளில் இருந்தவாறே தெளிந்திருக்கும். குருதி ஒரு வளையமாகத் தேங்கி நின்றால், கரு சில நாள் வளர்ந்து மடிந்துவிட்டது எனக் கொள்ளுதல் வேண்டும்.

அரித்தாட்டில் விளக்கொளியின்றியே இவ்வியப்பைக் கண்டார். அடையிலிருந்த கோழி முட்டைகள் வளர்வதைப் படிப்படியாக நோக்கி, மூன்று நாளளவில் வெண்கருவினிடையே குருதித் துளி போன்ற இதயம் துடிப்பதை அவர் எழுதிவைத்தார். உயிரின் வளர்ச்சியைக் கற்பனையால் அறியாது கண்ணால் அறிய முயன்ற தொடக்க முயற்சிகளுள் இஃது ஒன்று.

பன்னிரண்டு முட்டைகளில் ஐந்து தெளிந்தே இருந்தால், வளர்ப்போர் மனம் தளர்வது இயல்பு. ஆயினும், அந்த ஐந்தும் பயனற்றுப்போகவில்லை; அவை ஒரு செய்தியைச் சொல்கின்றன. சேவல் இளையதா, பேடுகள் மிகுதியா, நீர்நிலை இல்லையா என்று ஆராயத் தூண்டுகின்றன. ஓராண்டுத் தோல்வியைக் கண்டு நல்ல கூட்டத்தைக் கலைத்துவிடுவோர், அடுத்த ஆண்டின் வளத்தையும் சேர்த்தே இழக்கின்றனர். கூமுட்டைகளையோ உடனே நீக்கிவிடுதல் வேண்டும். அவை அழுகி வெடித்தால், உயிருள்ள முட்டைகளுக்கும் கேடு விளையும்.

முட்டையின் எடையும் ஓர் அளவுகோல். அடைக்காலத்தில் ஓட்டின் துளைகள் வழியே ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பருத்த முனையிலுள்ள காற்றறை அதற்கேற்ப விரியும். 160 கிராம் எடையுள்ள முட்டை, பொரிக்குந் தறுவாயில் ஏறத்தாழ 20 கிராம் குறைந்திருத்தல் நன்று. எடை குறையாமல் நின்றால் உள்ளே நீர் மிகுந்து குஞ்சு திணறும். மிகுதியாகக் குறைந்தால் குஞ்சு வறண்டு ஓட்டோடு ஒட்டும். பொறியின் ஈரப்பதத்தைக் கூட்டியும் குறைத்தும் இதனைச் சீர்செய்வர். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து எழுதிவைப்போர்க்கு ஊகம் தேவையில்லை.

பொறுமையின் நாட்கள்

பொரிப்பதற்கு மூன்று நாள் இருக்கையில் புரட்டுதலையும் குளிரவிடுதலையும் நிறுத்திவிடுவர். ஈரப்பதத்தை நூற்றுக்கு எழுபத்தைந்து அளவிற்கு உயர்த்துவர். இதன்பின் மனிதன் செய்வதற்கு எஞ்சிய தொழில் ஒன்றே: அது காத்திருத்தல். முன்னைய தொழில்கள் அனைத்தினும் கடினமானதும் அதுவே.

முதலில் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் தலைநீட்டுகின்றது. அன்றுதான் அது தன் நுரையீரலால் முதல் மூச்சு விடுகின்றது. ஓட்டிற்குள்ளிருந்தே மெல்லிய குரல் எழும். தாய் அருகில் இருந்தால் அக்குரலுக்கு மறுமொழி தரும். பின்னர், அலகின் நுனியிலுள்ள கடினமான முட்டைப்பல்லால் ஓட்டில் விண்மீன் வடிவான சிறு விரிசலை உண்டாக்குகின்றது. அதன்பின் யாதும் நிகழ்வதில்லை. ஒரு மணி கழிகின்றது. பத்து மணி கழிகின்றது. ஒரு பகலும் ஓர் இரவும் கழிகின்றன. சில குஞ்சுகளுக்கு அதனினும் மிகுதியான நேரம் ஆகும்.

இந்நிலையில் காண்போர் உள்ளம் பதறும். உள்ளே குஞ்சு சோர்ந்துவிட்டதோ, ஓட்டை உடைக்க வலிமை இல்லையோ என இரக்கம் எழும். விரலால் ஓட்டைப் பெயர்த்துக் குஞ்சை விடுவிக்கக் கை நீளும். இரக்கமே உயிருக்கு இறுதியாகும் இடம் இது. ஏனெனில், வெளியே அமைதி நிலவும் அவ்வேளையில் உள்ளே பெருந்தொழில் நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது. இதுவரை கருவுக்கு மூச்சளித்த உட்சவ்வின் நரம்புகளில் இன்னும் குருதி ஓடிக்கொண்டிருக்கும். அது சிறிது சிறிதாக வற்றிக் குஞ்சின் உடலுக்குள் திரும்புதல் வேண்டும். எஞ்சிய மஞ்சட்கருவும் தொப்புள் வழியே வயிற்றினுள் ஈர்க்கப்படுதல் வேண்டும். இவை முடியுமுன் ஓட்டைப் பெயர்த்தால் நரம்பு அறுந்து குருதி பெருகும். மஞ்சட்கரு வெளியே தங்கும். வெளிவர உதவிய கையே அதன் உயிரைப் போக்கிவிடும்.

தொழில் முடிந்ததும் குஞ்சு தானே எழுகின்றது. ஓட்டிற்குள் மெல்லச் சுழன்று, பருத்த முனையைச் சுற்றி வட்டமாக உடைத்து, கால்களை உதைத்து, தொப்பியைக் கழற்றுவது போல ஓட்டைத் தள்ளி வெளிவருகின்றது. நனைந்து களைத்துக் கிடக்கும் அது, சில மணி நேரத்தில் உலர்ந்து, பொன்னிறமோ சாம்பல் நிறமோ உடைய மென்தூவிப் பந்தாக மாறுகின்றது. உள்ளே ஈர்த்துக்கொண்ட மஞ்சட்கரு ஒரு நாளைக்கு மேலாகவும் அதற்கு உணவாகும். ஆகவே, உணவு ஊட்டவும் விரைய வேண்டுவதில்லை. நன்கு உலரும்வரை பொறியைத் திறவாதிருத்தலே நன்மை. திறந்தால் ஈரம் வெளியேறி, இன்னும் ஓட்டிற்குள் இருக்கும் குஞ்சுகளின் சவ்வு வறண்டு இறுகிவிடும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி பொருந்தும் இடங்களுள் இதனினும் சிறந்தது காண்டல் அரிது.

முதல் முகம்

குஞ்சு வெளிவந்தவுடன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. செருமானிய அறிஞர் ஆசுக்கார் ஐன்ராத்து, பொறியில் பொரித்த பெருவாத்துக் குஞ்சுகள் முதலில் கண்ட மனிதரையே தாயாகக் கருதித் தொடர்வதை 1911ஆம் ஆண்டில் விளக்கினார். ஆசுத்திரிய நாட்டு அறிஞர் கொன்ராடு இலாரென்சு இவ்வியல்பை மேலும் ஆராய்ந்தார். தன்யூபு ஆற்றங்கரையிலுள்ள ஆல்டன்பர்க்கு என்னும் ஊரில், பெருவாத்துக் குஞ்சுகள் வரிசையாக அவர்பின் நடந்தன. அவர் நீந்தியபோது உடன் நீந்தின. பிறந்த சில மணி நேரத்தில் உள்ளத்தில் பதியும் முதல் முகம், எளிதில் அழியாத முத்திரையாகின்றது என்பதை அவர் உலகுக்கு எடுத்துக்காட்டினார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தமைக்காக 1973ஆம் ஆண்டில் வேறு இரு அறிஞர்களுடன் நோபெல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

இவ்வுண்மை, வீட்டில் முட்டை பொரிக்கச் செய்வோர்க்குக் கடமை ஒன்றை உணர்த்துகின்றது. தனியாகப் பொரித்து மனிதரிடையே மட்டும் வளர்ந்த குஞ்சு, தன்னை மனித இனத்தோடு சேர்த்து எண்ணும். வளர்ந்தபின் தன் இனத்தோடு இணைவதிலும் இடர்ப்படக்கூடும். அத்தகைய பறவைகளிடமிருந்து கருவுற்ற முட்டைகளை எதிர்பார்ப்பது எங்ஙனம்? ஆகவே, குஞ்சுகளைக் கூட்டாகவே வளர்த்தல் வேண்டும். முதிர்ந்த பெருவாத்துகள் அருகிலிருந்தால், அவற்றைக் காணவும் கேட்கவும் செய்தல் நன்று.

முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து வரலாம். குளிரின் அவை ஒன்றன்மேல் ஒன்று நெருங்கும். வெப்பம் மிகின் விளக்கை விட்டு விலகி வாய்திறந்து மூச்சுவிடும். ஆதலின், வெப்பமானியோடு குஞ்சுகளையும் பார்த்தல் வேண்டும். தரை வழுக்கினால் இளங்கால்கள் விரிந்து முடமாகும். குடிக்கும் நீர், அலகும் மூக்கும் முழுகும் அளவு ஆழமாகவும், குஞ்சு விழுந்து மூழ்காத அளவு குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். தாயின் துணையின்றி வளரும் இளங்குஞ்சை நெடுநேரம் நீந்தவிட்டால், தூவி நனைந்து குளிரால் நடுங்கும். சில நாளில் இளம்புல்லைக் கொறிக்கத் தொடங்கும். அன்று முதல் புல்வெளியே அதன் உணவுக்கூடம்.

இளங்கூட்டத்தின் முதலாண்டு முட்டைகள் பன்னிரண்டில் நான்கைந்து குஞ்சுகளே எழுந்தாலும், அதனைக் குறைவென்று கருதுதல் கூடாது. முட்டை இட்ட நாள், அடைவைத்த நாள், ஒளியில் கண்டது, எடை குறைந்தது, பொரித்தது ஆகியவற்றை ஏட்டில் குறித்துவைத்தோர், அடுத்த இளவேனிலில் அதே பறவைகளிடம் நிறைந்த பயனைக் காண்பர். பெருவாத்து பல்லாண்டு வாழும் பறவை. ஓராண்டின் கணக்கால் அதன் வாழ்வை அளத்தல் ஆகாது.

வெப்பம் தருதல், புரட்டுதல், ஈரம் காத்தல் ஆகிய தொழில்களில் ஒரு நாளும் சோர்வு கூடாது. இறுதி மூன்று நாளிலோ, முட்டையில் கை வைத்தலே கூடாது. முயற்சிக்கு உரிய காலம் இது, ஒதுங்கி நிற்பதற்கு உரிய காலம் இது எனப் பகுத்துணரும் அறிவைப் பேடு இயல்பாகவே பெற்றுள்ளது. மனிதன் அதனைக் கற்றுக்கொள்ள வேண்டியவனாக இருக்கின்றான். அதனைக் கற்றவன் வீட்டுப் புல்வெளியில், இளவேனிற் காலைதோறும் புதிய குரல்கள் கேட்கும்.